சோழியும் சுழியும்

‘பிட்’ என்றவுடன் தேர்வுக் கூடமும், சட்டைக் கைமடிப்பும், மேற்பார்வையாளரின் காலடி ஓசையும் நினைவுக்கு வரும் நண்பர்கள் நம் மன்றத்தில் உண்டு. அவர்கள் பெயரை இங்கே சொல்லமாட்டேன். வேறு சிலருக்கு, மதுரையில் வந்தி என்னும் முதியவள் அவித்து விற்ற பிட்டும், அதற்காக மண் சுமந்து பிரம்படி பட்ட சொக்கனும் நினைவுக்கு வரலாம். நான் எழுத வந்தது கணிப்பொறிக்குள் இருக்கும் பிட்டைப் பற்றி. ஒன்று அல்லது சுழி, ஆம் அல்லது இல்லை, இவற்றுக்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாத பொருள் அது. அப்படிப்பட்ட அற்பப் பொருள் இரண்டு மாதத்தில் இரண்டு முறை என்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தது. அந்தக் கதையை, ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுது என்று வற்புறுத்திய நண்பர்களுக்காக, டெலானிபூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே எழுதுகின்றேன்.

டெலானிபூர் எங்கே இருக்கின்றது என்று விடுதியில் என்னைக் கேட்காதவர் இல்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரில் அது ஒரு பகுதி. சென்னையிலிருந்து கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். நீங்கள் விடுமுறைக்கு ரயிலில் சன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவீர்கள். நாங்கள் அலை ஆட்டாத படுக்கைக்குச் சண்டை போடுவோம். கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சங்குகளையும் சிப்பிகளையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை.

தெற்கு அந்தமானின் 14 கரைகளில், கடல் வற்றும் நேரத்தில், எந்தெந்தச் சங்கு நத்தைகளும் சிப்பிகளும் இருக்கின்றன என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. பர்மாநல்லா, கொடியாகாட், சிடியா டாப்பு, வண்டூர் என்று ஊர் ஊராகச் சுற்றினேன். எதையும் எடுக்கவில்லை, அவற்றுள் சில சட்டத்தால் காக்கப்பட்டவை. பார்த்தோம், எழுதினோம், வந்தோம். பட்டியலில் 96 இனங்கள். ஒரு கரைக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் 96 கட்டங்கள். இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி.

இதைக் கணிப்பொறியில் எப்படி வைப்பது? ஆயத்த மென்பொருள்கள் பல இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் எனக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் தொடங்கி வைக்கப்படும் வரையில் எங்கள் தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. வந்தது என்பதைவிட, வர எண்ணியது என்று சொல்லலாம். பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் கற்றபோது, ‘இந்த நிரற்கட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்’ என்று புத்தகம் சொன்னால் எங்கள் வகுப்பே சிரிக்கும். மொழி புகுந்த வீட்டுக்கு வரும்போதே தன்னுடன் கொண்டுவரும் சீர்வரிசை ஒன்று உண்டு. அதற்குத்தான் செந்தர நூலகம் என்று பெயர். அந்தச் சீர்வரிசையில் இருக்கும் பாத்திரங்களைக் கொண்டே சமைக்கப் பழகிவிட்டோம். வடம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கரையோரக் கிராமத்தில் இரவு தங்கும்போது அது உதவவும் செய்தது.

அந்தச் சீர்வரிசையில் 1998-ஆம் ஆண்டின் முதல் செந்தரத்திலிருந்தே இருக்கும் ஒரு பாத்திரம் ‘பிட்செட்’. அதை விளக்க எனக்குச் சோழியைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. தாயம் ஆடாத தமிழ்க் குழந்தை உண்டோ? சோழிகளைக் குலுக்கி வீசுகின்றோம். வாய் மேல்நோக்கி விழுந்தவை எத்தனை என்று எண்ணுகின்றோம். ஒவ்வொரு சோழியும் ஒரு பிட். அந்தச் சோழிகளுக்கு வரிசை எண் கொடுத்து, நெருக்கமாக உட்கார வைத்தால் அது பிட்செட். ஒரு சோழியை நிமிர்த்த ‘செட்’, கவிழ்க்க ‘ரீசெட்’, புரட்டிப் போட ‘ஃபிளிப்’, நிமிர்ந்திருக்கின்றதா என்று பார்க்க ‘டெஸ்ட்’, நிமிர்ந்தவை எத்தனை என்று எண்ணக் ‘கவுன்ட்’. பிட் என்ற சொல் அச்சில் புகழ்பெற்றது 1948-இல், கிளாடு ஷானன் எழுதிய கட்டுரையில். பெயர் சூட்டியவர் ஜான் டூக்கி என்று அவரே அதில் சொல்லிவிட்டார். பிறர் சொல்லைத் தம் சொல்லாகக் காட்டாத பெருந்தன்மை!

நெருக்கமாக உட்கார வைப்பதில் சிக்கனம் இருக்கின்றது. 96 ஆம்-இல்லைகளைத் தனித்தனி ‘பூல்’ மாறிகளாக வைத்தால், வழக்கமாக ஒன்றுக்கு ஒரு பைட் வீதம் 96 பைட் ஆகும். பிட்டாக அடுக்கினால் 12 பைட் போதும். என் மடிக்கணினியில் 64 பிட் கொண்ட சொற்களாக அடுக்குவதால் இரண்டு சொற்கள், அதாவது 16 பைட் பிடிக்கின்றது. உண்மையைச் சொன்னால் 14 கரைகளுக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. கோடிக்கணக்கில் கணக்கு வைத்திருப்பவனுக்குத்தான் அது பெரிது. என்னை ஈர்த்தது வேறொன்று. இரண்டு கரைகளை ஒப்பிட 96 கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு சொல்லோடு ஒரு சொல்லை வைத்தால் 64 கட்டங்களும் ஒரே அடியில் ஒப்பிடப்படுகின்றன.

இங்கே நம் இலக்கண வகுப்பு கைகொடுக்கின்றது. இந்தக் கரையி‘லும்’ அந்தக் கரையி‘லும்’ இருப்பவை எவை? அஃது உம்மை; நிரலில் ‘அண்ட்’. இந்தக் கரையி‘லோ’ அந்தக் கரையி‘லோ’ இருப்பவை எவை? அஃது ஓகாரம், நிரலில் ‘ஆர்’. ஒன்றில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாதவை ‘எக்ஸ்ஆர்’. உம்மையின் எண்ணிக்கையை ஓகாரத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் இரு கரைகளின் ஒற்றுமை வந்துவிடும். சுவிட்சர்லாந்தின் தாவரவியலார் பால் ஜக்கார் 1901-இல் ஆல்ப்ஸ் மலைச் செடிகளை ஒப்பிட்டபோது வகுத்த கணக்கு இது. ஒரு கரையில் 31 இனம், அடுத்த கரையில் 27, இரண்டிலும் பொதுவாக 20 என்றால், மொத்தம் 38. இருபதை முப்பத்தெட்டால் வகுக்க 0.53. நிமிர்ந்த சோழிகளை எண்ணுவது சிறுபிள்ளை வேலை என்று எண்ணிவிட வேண்டாம். 1964-இல் வெளிவந்த சி.டி.சி. 6600 என்ற பெருங்கணிப்பொறியிலேயே, ஒரு சொல்லில் எத்தனை ஒன்றுகள் என்று எண்ணுவதற்கென்று தனிக் கட்டளை ஒன்று இருந்தது.

பிட்செட்டிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எத்தனை சோழி என்பதை நிரலைத் தொகுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. வண்டூரில் 97-ஆவது இனம் ஒன்று கண்ணில் பட்டபோது மகிழ்வதா, நிரலைத் திருத்தவேண்டுமே என்று வருந்துவதா என்று தெரியவில்லை. அதைவிட மோசம், இல்லாத இடத்தில் சோழியை வைக்கப் பார்ப்பது. ‘செட்’, ‘டெஸ்ட்’ இரண்டும் ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்று கூச்சல் போட்டு நிரலை நிறுத்தும். சதுர அடைப்புக்குறியோ வாயே திறக்காது. அதன் பிறகு எது வேண்டுமானாலும் நடக்கலாம். (விடுதிக் காப்பாளர்களிலும் இந்த இரு வகை உண்டு.)

அளவு முன்கூட்டித் தெரியாதவர்க்கு ‘வெக்டர் பூல்’ என்ற இன்னொரு பாத்திரம் இருக்கின்றது. அதை எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டேன். வெளியே பார்த்தால் மற்ற வெக்டர்களைப் போலவே இருக்கும். உள்ளே பிட்டுகளை அடுக்கி வைத்திருப்பதால், ஓர் உறுப்பைக் கேட்டால் அவ்வுறுப்பைத் தராமல் அதன் பதிலாளை அனுப்பும். அந்தப் பதிலாளை உண்மையான ஆள் என்று நம்பி ‘ஆட்டோ’ மாறியில் வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாடு பெரிது. ஸ்காட் மேயர்ஸ் 2001-இல் வெளிவந்த தம் நூலில் அதைத் தவிர்க்கவே சொல்லியிருக்கின்றார். மேலும் அதற்கு உம்மையும் தெரியாது, ஓகாரமும் தெரியாது. இலக்கணம் தெரியாதவரோடு நமக்கென்ன பேச்சு?

இனி, என் முதற் பொய்.

13 கரைகளின் தாள்களை ஒவ்வொரு கட்டமாக ‘செட்’ மூலம் ஏற்றினேன். கொடியாகாட் தாளை ஏற்றும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. சோம்பல் வந்தது. ஒன்றும் சுழியுமாக 96 எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒரே சரமாகத் தட்டி, ‘இந்தா’ என்று பிட்செட்டிடம் கொடுத்துவிட்டேன். அதுவும் வாங்கிக்கொண்டது. மறுநாள் ஒற்றுமைக் கணக்கைப் போட்டால், கொடியாகாட் ஒன்று மட்டும் அக்கம்பக்கத்துக் கரைகள் எதனோடும் ஒட்டாமல் தனியே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடிப்பு! அன்று மாலைக்குள் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டேன். நீரோட்டம், பாறையின் இயல்பு, அலையின் வேகம் என்று இரண்டு பக்கம் எழுதி, ஆய்வு வழிகாட்டிக்குத் தொலைபேசியில் படித்தும் காட்டினேன். மனித மூளைக்கு ஒரு தவறான விடையைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பொருத்தமான காரணங்களை எவ்வளவு விரைவாக உற்பத்தி செய்கின்றது!

என்னைக் காப்பாற்றியவர் சித்தப்பா. படகு ஓட்டுகின்றவர், பிட்டும் அறியார், ஜக்காரும் அறியார். இரவு சாப்பாட்டின்போது கொடியாகாட் பட்டியலைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். ஒரு பெயருக்கு வந்ததும் கையில் சோற்றோடு நிறுத்தினார். “அந்தக் கூம்பு நத்தையா? அது மாங்குரோவ் சேத்துல கிடக்குறது. கொடியாகாட் பாறையில என்ன பண்ணுது? ஒரே அலையில தூக்கிப் போட்டுருமே!” என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த நத்தையை நான் அங்கே பார்க்கவே இல்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கிற்று. பிட்செட் தன்னை ஓர் எண்ணாகவே கருதிக்கொள்கின்றது. எண்ணை எழுதும்போது ஒன்றாம் இடம் வலக்கோடியில் அல்லவா இருக்கும்? அதே போல அதன் முதல் சோழி, அதாவது சுழியாம் இடம், வலக்கோடியில். சரமாகக் கொடுத்தால் இடக்கோடியில் உள்ள எழுத்தைக் கடைசி இடத்துக்குக் கொண்டுபோய்விடும். என் பட்டியலின் முதற்சங்கு 96-ஆவது சங்காகியது, 96-ஆவது முதலாவதாகியது. 14 தாள்களையும் சரமாகவே கொடுத்திருந்தாலும் தவறு தெரிந்திராது. எல்லாம் ஒன்றாகத் தலைகீழாக நிற்பதால் ஒற்றுமைக் கணக்கு மாறாது. எண்ணிக்கையும் மாறவில்லை, 29 நிமிர்ந்த சோழிகள் தலைகீழாகவும் 29 தானே. ஒரு தாளை மட்டும் மாற்றி ஏற்றியதுதான் வினை. இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். வழிகாட்டிக்கு மறுபடி தொலைபேசியில் பேசியது பற்றி எழுதாமல் விடுகின்றேன்.

இந்தத் தவறு எளிது, திருத்தியும் ஆயிற்று. இரண்டாவதுதான் என்னை உறங்கவிடவில்லை.

பர்மாநல்லாக் கரைக்குப் பழைய பட்டியல் ஒன்று கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எடுத்தது. பழையதில் இருந்து புதியதில் இல்லாதவை எவை? நிரலில் ஒரே வரி: பழைய பட்டியலோடு, புரட்டிப் போட்ட புதிய பட்டியலை உம்மையால் சேர்த்தால் போதும். கவுன்ட் 11 என்றது. பதினொரு இனங்கள் ஒரு கரையிலிருந்து மறைந்துவிட்டன! இம்முறை அவசரப்படவில்லை. சரங்களைச் சரிபார்த்தேன், வரிசை சரியாக இருந்தது. ஆய்வேட்டின் முதல் வாக்கியம் மனத்தில் தானாகவே உருவாகத் தொடங்கியது.

அப்போது அப்பாயி சுவரில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

தந்தையைப் பெற்ற என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் அடுக்களையின் பலகைச் சுவரில் கரித்துண்டால் கணக்கு வைப்பாள். பால் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. சிறு வயது முதல் பார்த்துக்கொண்டிருக்கின்றேன்; பார்த்தும் பாராதிருந்தேன். அன்று ஏதோ கண்ணில் உறுத்தியது. நடுவே மூன்று நாட்களுக்கு ஒன்றுமே இல்லை. கோடும் இல்லை, சுழியும் இல்லை.

“அப்பாயி, இங்கே சுழி போட மறந்துவிட்டாயே?” என்றேன்.

“மறக்கல புள்ள. அப்போ நாம எல்லாரும் ரங்கத்துல இருந்தோம். பால்காரன் வந்தானோ வரலையோ, நான் கண்டேனா? பாக்காத நாளுக்கு எப்படிடி சுழி போடுறது?”

இதை அவள் எங்கே கற்றாள் என்பது எனக்குத் தெரியும். இலங்கையின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அப்பாயி. அங்கே ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்று கணக்கு. இடையில் குறைந்தால் ‘அரைப்பேர்’. மலையின் மறுபக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பவளைக் கங்காணி வந்து பார்க்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. வேலைக்கு வராதவளுக்கும் பேர் இல்லை. வந்தும் பார்க்கப்படாதவளுக்கும் பேர் இல்லை. ஏட்டில் இரண்டும் ஒரே வெற்றிடம். சம்பள நாளில்தான் அந்த வெற்றிடத்தின் விலை தெரியும்.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்களுள் சில குடும்பங்களை அரசு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியேற்றியது. அவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நான் இரண்டு வயதுக் குழந்தை. என்னைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் அப்பாயியும் மேட்டுக்கு ஓடினார்கள். தாத்தா கரைப்பக்கம் போயிருந்தார். இருப்போர் பட்டியலில் அவர் பெயர் இல்லை; இறந்தோர் பட்டியலிலும் இல்லை; காணாமற்போனோர் பட்டியலில் இருந்தது. டெலானிபூருக்கு வந்து வீடெடுத்த பிறகும் பல ஆண்டுகள் அப்பாயி திவசம் கொடுக்க ஒப்பவில்லை. உறவினர் கோபித்துக்கொண்டார்கள். “நான் பாக்கலையே” என்பாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

நான் பர்மாநல்லாத் தாளை மறுபடி எடுத்தேன். அன்று நாங்கள் போனபோது மழை பிடித்துக்கொண்டது. 73 முதல் 96 வரையுள்ள இனங்கள் திட்டின் விளிம்பில், கடல் நன்றாக வற்றினால்தான் தெரியும் இடத்தில் இருப்பவை. அங்கே போகுமுன் கடல் ஏறத் தொடங்கிவிட்டது. திரும்பிவிட்டோம். தாளில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன. காலிக் கட்டம் கணிப்பொறிக்குள் போகும்போது சுழியாகிவிட்டது. பிட்செட்டைப் புதிதாக உருவாக்கினால் எல்லாச் சோழிகளும் கவிழ்ந்தே பிறக்கின்றன. கவிழ்ந்த சோழி ‘இல்லை’ என்கின்றதா, ‘யாரும் பார்க்கவில்லை’ என்கின்றதா என்று அதனிடமே கேட்டு அறிய முடியாது. ஒரு பிட்டுக்கு இரண்டு சொல்தான் தெரியும். அப்பாயியின் சுவருக்கு மூன்று தெரிந்திருந்தது.

மருந்து எளிதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கரைக்கும் இன்னொரு பிட்செட் வைத்தேன். அதற்குப் ‘பார்த்தது’ என்று பெயர். பார்த்த இடங்களில் ஒன்று, பாராத இடங்களில் சுழி. இப்போது மறைந்தவை எவை என்று கேட்கும்போது மூன்று உம்மைகள்: பழையதில் இருக்கவும் வேண்டும், புதியதில் இல்லாதிருக்கவும் வேண்டும், அந்த இடத்தை நான் பார்த்திருக்கவும் வேண்டும். ஒற்றுமைக் கணக்கிலும், இரு கரைகளிலும் பார்க்கப்பட்ட இனங்களை மட்டுமே எண்ணும்படி மேலும் கீழும் இதே வடிகட்டியைப் போட்டேன். கவுன்ட் இப்போது 4 என்றது. பதினொன்றில் ஏழு, நான் போகாத விளிம்பில் வாழ்பவை. இருக்கின்ற ஏழு இனங்களை இல்லை என்று எழுதியிருந்தால், எனக்குப் பின் வருகின்றவர் என் பட்டியலைத்தானே பழைய பட்டியல் என்று எடுத்துக்கொள்வார்?

இதை விடுதித் தோழி ஒருத்திக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் பைதான் கட்சி. பைதானில் தனியாகப் பிட்செட் இல்லை. எவ்வளவு பெரிய முழு எண்ணும் அங்கே சோழி வரிசையாக நடிக்கும். நிமிர்ந்தவற்றை எண்ணும் வசதியும் 2021-இல் வந்த 3.10 பதிப்பில் வந்துவிட்டது. அவள் உற்சாகமாகப் பட்டியலைப் புரட்டிப் போட்டாள். விடை கழித்தல் குறியோடு வந்தது! எல்லை சொல்லாத எண்ணைப் புரட்டினால், இடப்புறம் முடிவின்றி இருக்கும் சுழிகளெல்லாம் ஒன்றாகிவிடுகின்றன என்பது பொருள். அவளுக்கும் அதே மருந்துதான்: பார்த்தவற்றின் வரிசையோடு ஓர் உம்மை. ஜாவாக்காரர்களுக்கு முதற்பதிப்பிலிருந்தே தானாக வளரும் பிட்செட் இருக்கின்றது. ஆனால் அங்கே ‘அண்ட்’ போட்டால் விடை புதிய இடத்தில் வராது. உங்கள் முதல் வரிசையையே திருத்திவிடும். படியெடுத்து வைத்துக்கொள்ளாதவர் அசல் தாளை இழந்தார். எந்தக் கட்சியில் இருந்தாலும், பார்த்தவற்றுக்குத் தனி வரிசை வைக்கும் வேலையை எந்த நூலகமும் நமக்காகச் செய்து தருவதில்லை.

வழிகாட்டியிடம் சொன்னேன். ‘நான்கு என்றால் அவ்வளவு சிறப்பாக இராதே’ என்று சிரித்தார்; பிறகு, நான்கையும் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு எழுது என்றார்.

வரும் அமாவாசையன்று கடல் நன்றாக வற்றும். சித்தப்பா உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். நான்கு பெயர்களை ஒரு தாளிலும், ஏழு பெயர்களை இன்னொரு தாளிலும் எழுதி, மழை நனைக்காதபடி நெகிழி உறைக்குள் வைத்திருக்கின்றேன். இம்முறை ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கட்டங்கள். அப்பாயி தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இருட்டோட கிளம்பணும். பாறை வழுக்கும், டார்ச்சு எடுத்துக்க” என்றாள்.